நடுவில் ஒரு பின்

என் மனைவி நர்ஸ். ஜெர்மனியின் தெற்கே, ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிற ஒரு சிற்றூரின் மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தது. மார்கழிக் குளிரில் இங்கிருந்து கிளம்பி, நம் மார்கழி வெட்கப்படும்படியான ஒரு குளிரில் போய் இறங்கினாள். நான் திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஷேர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜீப்பை விற்றுவிட்டு நானும் பின்னாலேயே போய்விடுவது என்று பேசி வைத்திருந்தோம். அதில்தான் ஒரு சிக்கல். மனைவியோடு போய்ச் சேர விரும்பும் கணவன் ஜெர்மன் மொழியில் ஆரம்பநிலைத் தேர்வு ஒன்றில் தேறியிருக்க வேண்டுமாம். தாலி கட்டும்போது இப்படி ஒரு நிபந்தனையை யாரும் சொல்லவில்லை.

"ஆரம்பப் பரீட்சைதாங்க. ஒன்னும் இல்ல. நீங்க பி.ஏ. தமிழ் வேற," என்றாள் அவள், விமானம் ஏறுவதற்கு முன்பு.

பி.ஏ. தமிழ்தான் எனக்கு எமனாக வந்தது.

வகுப்பு ஃபோனில். காலையில் முதல் டிரிப்புக்கு முன்னால் ஜீப்பை வீட்டு வாசலில் நிறுத்தி, ஃபோனை ஸ்டியரிங்குக்குப் பின்னால் சாய்த்து வைத்துக்கொள்வேன். பாடம் நடத்தியவர் வேலூர்க்காரப் பெண், என்னைவிட வயதில் சின்னவர். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் என்னைப்போல நர்ஸ்களின் கணவன்மார்கள். எல்லோர் முகத்திலும், ரயிலைத் தவறவிட்டு நடைமேடையில் நிற்பவனுடைய களை.

முதல் நாளே டீச்சர் சொன்னார்: "ஜெர்மன்ல முதல்ல கத்துக்க வேண்டிய வினைச்சொல் 'ஸைன்'. அப்படின்னா 'இருத்தல்'. இது இல்லாம அங்க ஒரு வேலையும் ஆகாது."

பிறகு அதன் வடிவங்களைச் சொன்னார். 'நான்' என்றால் இஷ் பின். 'நீ' என்றால் டூ பிஸ்ட். 'அவன்' என்றால் ஏர் இஸ்ட். 'நாம்' என்றால் வியர் ஸிண்ட். 'நீங்கள்' பலபேர் என்றால் ஈர் ஸைட். 'அவர்கள்' என்றால் ஸீ ஸிண்ட். ஒரே வினைச்சொல் என்கிறார்கள், ஆனால் ஆளுக்கு ஒரு முகம். ஒன்றைப் பார்த்து இன்னொன்றை அடையாளம் சொல்ல முடியாது.

"இப்ப நீங்க சொல்லுங்க சார். 'நான் டிரைவர்.'"

டிரைவருக்கு ஃபாரர் என்று அப்போதுதான் சொல்லித் தந்திருந்தார். "இஷ் ஃபாரர்," என்றேன்.

"பின் எங்க சார்?"

அன்று என் சட்டையில் மேல் பொத்தான் அறுந்துபோய், ஊக்குதான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கை தன்னால் அங்கே போயிற்று. "கீது மேடம்," என்றேன். ஃபோனுக்குள் இருந்த கணவன்மார்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த வகுப்பில் அவர்கள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தவறு என்னுடையது என்று எனக்குத் தோன்றவில்லை. 'நான் ஓட்டுநர்' என்பது முழுமையான வாக்கியம். நான் எழுவாய், ஓட்டுநர் பயனிலை. பெயரே பயனிலையாக நிற்பதைப் பெயர்ப்பயனிலை என்று கல்லூரியில் மூன்று வருஷம் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே வினைச்சொல்லுக்கு வேலையே இல்லை. இதை டீச்சரிடமும் சொன்னேன். "பரீட்சை பேப்பர் திருத்துறவங்களுக்குப் பெயர்ப்பயனிலை தெரியாது சார்," என்றார் அவர், பொறுமையாக.

வாசல் தெளித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா, என் பக்கம்தான் பேசினாள். "நீ டிரைவரு. ஊருக்கே தெரியும். நடுவுல இன்னாத்துக்குடா ஒரு பின்னு?"

இஷ் ஃபாரர், இஷ் புருஷன் என்று நான் பின்னை விழுங்கிக்கொண்டே இருந்தேன். டீச்சர் ஒவ்வொரு தடவையும் "பின் எங்க சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் வண்டி ஓட்டும்போது மனப்பாடம் செய்வது என்று முடிவெடுத்தேன். புதூர்நாட்டுப் பாதை கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பேர் போனது. வளைவுக்கு ஒரு வடிவம் என்று வைத்துக்கொண்டேன். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது இஷ் பின். அடுத்த வளைவில் டூ பிஸ்ட்.

ஷேர் ஜீப்பில் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் டிரைவரை யாருக்கும் பிடிக்காது. முன்சீட்டில் வழக்கமாக ஏறுகிற ஒரு அக்கா உண்டு. புளியும் பலாப்பழமும் கீழே கொண்டுபோய் விற்றுவிட்டு, சாயங்காலம் வெறும் கூடையோடு மேலே வருபவர். அவர்தான் முதலில் கேட்டார்.

"இன்னா தம்பி, இஸ்ட்டு இஸ்ட்டுன்னுகினே வர்ற. இன்னாத்த இஸ்துகினு போற?"

விஷயத்தைச் சொன்னேன். பொண்டாட்டியிடம் போய்ச் சேரப் பரீட்சை எழுத வேண்டும் என்பது அவர்களுக்கு இதுவரை கேள்விப்படாத அநியாயமாக இருந்தது. அந்த அநியாயத்தை எதிர்த்து அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள். அன்றிலிருந்து வளைவு வந்தால் நான் "இஷ்" என்பேன், ஜீப் முழுக்க "பின்னு" என்று முழங்கும். ஒரு தடவை பின்சீட்டுப் பெரியவர் ஒருவர், வண்டியில் சரிபாதி பேருக்கு வாந்தி வருகிற அந்தப் பெரிய வளைவில், தனக்கும் வந்துகொண்டிருந்ததைக் கையால் அடக்கிக்கொண்டு "ஸிண்ட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் தலையை வெளியே நீட்டினார்.

வீட்டில் வேறு விதமான தொல்லை. நிகழ்காலம் முடிந்து இறந்தகாலத்துக்கு வந்தோம். 'இருந்தேன்' என்பதற்கு இஷ் வார். 'நீங்கள் இருந்தீர்கள்' என்பதற்கு ஈர் வார்ட். இதை நான் கூடத்தில் உலாத்திக்கொண்டே சத்தமாகச் சொன்னேன். ஈர் வார், ஈர் வார்ட், ஈர் வார்.

அம்மா சமையல்கட்டிலிருந்து வெளியே வந்தாள். முகத்தில் கலவரம். "யாருக்குடா ஈரு? அந்தப் பொண்ணுக்கா?"

"இல்லம்மா, இது பாடம்."

"பாடத்துல ஈரு வார்றதப் பத்தி எவன்டா சொல்லித் தருவான்? மறைக்காத. நீளமான முடி. அந்த ஊரு குளுருல தல குளிச்சிருக்க மாட்டா."

அன்று சாயங்காலம் மனைவி வீடியோவில் வந்தபோது, அம்மா என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி, "தலையைக் குனி, பாக்கலாம்," என்றாள். என் மனைவி ஆஸ்பத்திரி உடுப்போடு, சாப்பாட்டு இடைவேளையில், சுற்றிலும் ஜெர்மன்காரர்கள் உட்கார்ந்திருக்க, மாமியாருக்குத் தலையைக் குனிந்து காட்டினாள். அதற்குப் பிறகுதான் எதற்கு என்று கேட்டாள்.

ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. வகுப்பில் கேட்டேன்: "மேடம், பின், இஸ்ட், வார். மூனுக்கும் ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல. இத எப்படி ஒரே சொல்லுன்னு சொல்றீங்க?"

அந்தக் கேள்வி டீச்சருக்குப் பிடித்துப்போயிற்று. அன்றைய பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு விளக்கினார். அது ஒரே சொல்லாகப் பிறக்கவில்லை. மிகப் பழைய காலத்தில் தனித்தனியாக இருந்த மூன்று வினைகள் தேய்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் மிஞ்சி, ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. முளைத்தல், ஆதல் என்ற பொருளுள்ள ஒன்றிலிருந்து பின்னும் பிஸ்ட்டும் வந்தன. இருத்தல் என்ற பொருளுள்ள இன்னொன்றிலிருந்து இஸ்ட், ஸிண்ட், ஸைட். தங்குதல், வசித்தல் என்ற மூன்றாவதிலிருந்து இறந்தகால வாரும், 'இருந்திருக்கிற' என்று சொல்ல உதவும் கெவேஸனும்.

"இதுங்களுக்கெல்லாம் சமஸ்கிருதத்துல தூரத்துச் சொந்தம் இருக்கு சார். நம்ம பேச்சுலகூட வந்து ஒக்காந்திருக்கு. அனுபவம்னு சொல்றோம்ல, அந்த 'பவ' பின்னுக்குச் சொந்தம். வாசம் பண்றான்னு சொன்னா, அது வாருக்குச் சொந்தம்."

"இஸ்ட்டுக்கு?"

"நாஸ்தின்னு சொல்றீங்களே, அதுதான். ந, அஸ்தி. இல்லைன்னு அர்த்தம். அந்த அஸ்திதான் இஸ்ட்."

கிளட்ச் போனால் நாஸ்தி, மழை பெய்தால் ரோடு நாஸ்தி என்று தினமும் சொல்கிற சொல்லுக்குள் ஜெர்மன்காரன் ஒருவன் குந்தியிருந்திருக்கிறான். அதைவிட, அந்த வினைச்சொல்லின் மேல் எனக்கு முதல்முறையாக ஒரு பாசம் வந்தது. ஏனென்றால் என் ஜீப்பும் அப்படித்தான். எஞ்சின் ஒரு வண்டியுடையது, கியர் பெட்டி வேறொன்றுடையது, பாடி திருப்பத்தூர்ப் பட்டறையில் பற்றவைத்தது. ஆர்.சி. புத்தகத்தில் மட்டும்தான் அது ஒரே வண்டி. அதற்காக அது மலை ஏறாமல் இல்லை.

மனைவி தினமும் அவளுடைய மதிய இடைவேளையில் கூப்பிடுவாள். இங்கே அப்போது சாயங்காலம். பெரும்பாலும் புதூர்நாட்டில் கீழே இறங்க ஆள் சேருவதற்காக ஜீப்பை நிறுத்தியிருப்பேன். 'போனேன், வந்தேன்' என்று நடந்ததைச் சொல்லும்போது ஜெர்மன்காரர்கள் சில வினைகளுக்கு ஸைன் சேர்ப்பார்கள், சிலவற்றுக்கு 'ஹாபன்' என்று வேறொன்றைச் சேர்ப்பார்கள். அவள் அதைச் சுலபமாக்கித் தந்தாள்.

"ஒரு எடத்துலேர்ந்து இன்னொரு எடத்துக்கு நகர்ந்தா ஸைன். போயிருக்கேன், வந்திருக்கேன்னு நாமளும் 'இரு' சேர்க்கிறோம் இல்ல, அதே மாதிரி. சாப்டது, வாங்கனது, அதுக்கெல்லாம் ஹாபன்."

"சரி. செத்தா?"

"செத்தாலும் ஸைன்தான்."

"செத்தவன் எங்க நகர்றான்?"

நர்ஸ் அல்லவா, பார்த்திருப்பாள். உடனே சொன்னாள்: "செத்துப் போய்ட்டான்னு தானேங்க சொல்றோம்? போறான் இல்ல?"

செத்தவனையும் ஸைன் பக்கம் எழுதிக்கொண்டேன்.

இவ்வளவும் படித்த பிறகு சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினேன். எழுத்துப் பகுதி சுமாராகப் போயிற்று. பேச்சுப் பகுதிக்கு எங்களில் சிலரை ஒரு அறையில் வட்டமாக உட்காரவைத்தார்கள். ஏசி பனிமலை மாதிரி வீசியது. எனக்குள் ஒரே பயம்: பின்னை விட்டுவிடக் கூடாது. டீச்சரின் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அதனால் வாயைத் திறந்தபோதெல்லாம் ஸைன் சேர்த்தேன். தேவையிருக்கிற இடத்தில் சேர்த்தேன், இல்லாத இடத்திலும் சேர்த்தேன்.

ஆளுக்கு ஒரு சீட்டு எடுத்து, அதிலிருக்கும் சொல்லை வைத்துப் பக்கத்திலிருப்பவரிடம் கேள்வி கேட்க வேண்டும். எனக்கு வந்த சொல் 'அவுட்டோ'. கார் என்று அர்த்தம். 'உன்னிடம் கார் இருக்கிறதா' என்று கேட்க வேண்டும். அதற்கு ஹாபன் வர வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோயம்புத்தூர்ப் பெண்ணைப் பார்த்து, தெளிவாக, உரக்கக் கேட்டேன்: "பிஸ்ட் டூ அவுட்டோ?"

நீ காரா என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பெண்ணும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தார். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. "யா," என்றார். "இஷ் பின் அவுட்டோ."

ஆமாம், நான் கார்.

தேர்வாளர் இருவரில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். நிலைமையைச் சமாளிக்க, ஏசியைக் குறைக்கச் சொல்லலாம் என்று நினைத்து, "இஷ் பின் கால்ட்," என்றேன். எனக்குக் குளிர்கிறது என்று சொன்னதாக நினைப்பு. இன்னொரு தேர்வாளர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

முடிவு வந்தது. நாஸ்தி.

மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். காரைப் பற்றிச் சொன்னபோது இருமல் வரும்வரை சிரித்தாள். குளிரைப் பற்றிச் சொன்னதும், "ஐயோ, 'இஷ் பின் கால்ட்'டுன்னா ஈவு இரக்கம் இல்லாதவன்னு ஆயிடும். இல்லனா பொணம் மாதிரி ஜில்லுனு கீறேன்னு ஆயிடும். 'மியர் இஸ்ட் கால்ட்'டுன்னு சொல்லணும். 'எனக்கு' குளுரா கீது. நம்ம மாதிரியேதாங்க," என்றாள்.

நம்மைப்போலவே சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் போய் நான் ஜெர்மன்காரனாகி இருக்கிறேன்.

அவள் சிரித்து முடித்தபோது பின்னால் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. "டூ பிஸ்ட் நிஷ்ட் ஹியர்," என்றாள் மெதுவாக. நீ இங்கே இல்லை. அதைத் தமிழாக்கிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் எனக்குப் புரிந்தது. அவள் என்னை நீ என்று சொன்னதும் அன்றுதான் முதல் தடவை. ஜெர்மனில் சொன்னதால் அம்மாவுக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு சில வாரம் புத்தகத்தைத் தொடவில்லை. ஜீப்பில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. வளைவுகளில் வெறுமனே திரும்பினோம். கூடைக்கார அக்கா மட்டும் ஒரு வளைவில் பழக்க தோஷத்தில் "பின்னு" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் ஆலங்காயத்திலிருந்து கார் ஓட்டும் நண்பன் கூப்பிட்டான். காவலூர் தொலைநோக்கிக்கு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும்போது அவன் காரில் ரேடியேட்டர் வெடித்துவிட்டது. நான் போய் அவரை ஏற்றிக்கொண்டேன். கண்ணாடி சம்பந்தமான வேலைக்கு வந்த பொறியாளர். வெள்ளைத் தாடி, பெரிய உடம்பு. முன்சீட்டில் மடங்கி உட்கார்ந்தபோது முழங்கால் தாடியைத் தொட்டது. எந்த நாடு என்று நண்பன் சொல்லியிருந்தான். பாதி வழி வரை வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன். பிறகு முடியவில்லை.

"ஸிண்ட் ஸீ அவுஸ் டாய்ச்லாண்ட்?" நீங்கள் ஜெர்மனியிலிருந்து வருகிறீர்களா?

அவர் திரும்பிய வேகத்தில் கதவு திறந்துவிடும் போலிருந்தது. மடை திறந்த மாதிரி பேச ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தான் ஜெர்மனியின் தெற்கே பவேரியாக்காரன் என்பதும், "மியா ஸான்" என்று அவர் அடிக்கடி சொன்னதும் மட்டும் காதில் விழுந்தன.

"மியா ஸான்?" என்று கேட்டேன்.

"வியர் ஸிண்ட்," என்று விளக்கிவிட்டு, இனி எனக்குப் புரிய வேண்டும் என்று ஆங்கிலத்துக்கு மாறினார். பள்ளிக்கூடத்தில் வியர் ஸிண்ட், தன் வீட்டில் மியா ஸான். கெவேஸன் என்று புத்தகம் சொல்வதை அவர் ஊரில் க்வேன் என்று முடித்துவிடுவார்களாம். தான் வடக்கே வேலைக்குப் போனபோது அங்கிருந்தவர்கள் தன் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள் என்றும் சொன்னார்.

நான் வண்டியை ஓரம் கட்டினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னேன். எங்கள் புத்தகத்தில் 'இருக்கிறோம்'. எங்கள் வூட்டில் 'கீறோம்'. சென்னைக்குப் போய் நல்லா கீறேன் என்று சொன்னால் அங்கேயும் சிலர் சிரிப்பார்கள். அவர் "கீறோம்" என்று சொல்லிப் பார்த்தார். 'றோ'வில் நாக்கு உருண்டுவிட்டது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. காவலூரில் இறங்கியதும் வாசலில் நின்ற காவலாளிக்குக் கையாட்டி, "கீறோம்!" என்றார். காவலாளி பதறிப்போய், "இன்னாத்துல சார் கீறல்?" என்று அவருடைய கைகளைப் பார்த்தார்.

இருக்கிறேன் என்று சொல்வதற்கு அவருக்கே சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று தெரிந்ததில், என் பயம் பாதி போய்விட்டது. மறுநாள் காலை ஃபோனை ஸ்டியரிங்குக்குப் பின்னால் சாய்த்தேன். டீச்சர் எதுவும் கேட்காமல், "வாங்க சார்," என்றார்.

இரண்டாம் தடவை போனபோது, தேவையான இடத்தில் ஸைன், மற்ற இடத்தில் ஹாபன் என்று நிதானமாகவே பேசினேன். என்னைப் பற்றிச் சொல்லி முடித்து, குடும்பத்தில் நாங்கள் மூன்று பேர் என்று கூடுதலாக ஒரு வாக்கியம் சொல்லலாம் என்று ஆசைப்பட்டேன். வியர் ஸிண்ட் என்று தொடங்க வேண்டியது. வாயில் வந்தது வேறு.

"மியா ஸான் டிரை."

தேர்வாளர் அம்மா நிமிர்ந்தார். கடுமையாக இருக்கப் பார்த்தார், உதட்டோரம் கேட்கவில்லை. "அவுஸ் பையர்ன்?" என்றார். பவேரியாவா?

இல்லை என்பதற்கு "நைன்" என்றேன். "அவுஸ் புதூர்நாடு."

முடிவு வந்த நாளில் பயணிகளோடு மலை ஏறிக்கொண்டிருந்தேன். வண்டியை நிறுத்தி, ஃபோனைப் பார்த்து, இன்னொரு தடவை பார்த்து, பின்சீட்டில் இருந்த கல்லூரி மாணவியிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். "பாஸுண்ணா," என்றாள். ஜீப்பில் எழுந்த சத்தத்தில் எதிரே வந்த பால் வண்டிக்காரன் பிரேக் போட்டு, என்னமோ விபத்து என்று இறங்கி ஓடிவந்தான்.

மனைவியைக் கூப்பிட்டேன். இடைவேளைக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் எடுத்தாள். நான் எதையெல்லாமோ சொல்ல ஆரம்பித்தேன், ஜெர்மனும் தமிழும் கலந்து, கூடைக்கார அக்கா பக்கத்திலிருந்து, "எப்போ கூட்டிகினு போவ, கேளு, கேளு," என்று கத்திக்கொண்டிருக்க.

"ஸை ஷ்டில்," என்றாள் அவள், கிசுகிசுப்பாக. ஸைனின் அந்த வடிவம் எனக்குப் புதிது. வகுப்பில் அது வந்ததே இல்லை.

"அப்டின்னா?"

"சும்மா இருங்கன்னு அர்த்தம். வார்டுல கீறேன். ஒரு தாத்தா இப்பதான் தூங்கனாரு."

சும்மா இருந்தேன். அவள் ஃபோனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. ஃபோனை அக்காவின் மடியில் போட்டுவிட்டு, முதல் கியரைப் போட்டு வண்டியை எடுத்தேன்.